அம்மாவின் இடதுகைப் பட்டன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு வரைதான் படித்தவள். நோட்டை எடுத்து இரண்டு பக்கம் எழுதுவேன், பிறகு கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். கூடப்பிறந்தவனைப் பற்றி எழுதுவது பாவம் என்று ஒரு மனது சொல்லும். நடந்ததை மறைப்பதும் பாவம்தானே என்று இன்னொரு மனது கேட்கும். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பங்குச் சாமியாரிடமே கேட்டேன். “கோபம் இறங்கினபிறகு எழுதும்மா” என்றார். இறங்கிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்னும் காத்திருந்தால் ஊர் சொல்வதையே நானும் நம்பிவிடுவேன் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் தோணியில் போகிறவர். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு போனால், திரும்பி வர நாள் கணக்கோ வாரக் கணக்கோ ஆகும். அப்பா இறந்தபிறகு அம்மா என்னோடுதான் இருந்தாள். எனக்கு ஒரே தம்பி. என்னைவிட ஏழு வயது இளையவன். அம்மா இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அவன் படித்தான், சென்னையில் பெரிய வேலைக்குப் போனான், அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. சின்ன வயதிலிருந்தே எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பான். வேலைக்குப் போனபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவன் வீட்டில் கையைத் தட்டினால் விளக்கு எரியும், கதவைத் திறந்தால் காற்றாடி சுற்றும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலதுபக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடதுகையில் மட்டும் உயிர் இருந்தது, அதிலும் பெருவிரல்தான் சொன்னபடி கேட்டது. அப்போது தம்பி லீவு போட்டுவிட்டு வந்து மூன்று நாள் இருந்தான். சாப்பாட்டு மேசையில் ஒரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நகைக்கடையில் வேலை செய்கிறவன் மாதிரி சிமிட்டா என்கிற சின்ன இடுக்கியால் எடுத்து எடுத்து என்னவோ செய்தான்.

“என்னல இது, புளியங்கொட்ட மாதிரி?” என்று கேட்டேன்.

“பட்டன்க்கா. வயரே கிடையாது. இந்தா பாரு, இந்தத் துண்டுல பேட்டரி, இது அமுக்குத துண்டு, இது சேதி அனுப்புத துண்டு. ஒண்ணுமேல ஒண்ணு வச்சா பிடிச்சுக்கிடும். எந்தத் துண்ட எதோட மாட்டுதோமோ அந்த வேலயச் செய்யும். லைட்டு போடணுமா, மணி அடிக்கணுமா, எதுனாலும் சரி.”

மூன்று துண்டும் சேர்ந்தும் சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதை ஒரு பட்டையில் வைத்து அம்மாவின் இடது கையில், பெருவிரலுக்கு எட்டுகிற மாதிரி கட்டினான். அமுக்கினால் அடுக்களையில் வைத்த சின்னப் பெட்டி பாட்டுப் போல மணியடிக்கும். கட்டில் காலில் இன்னொரு பட்டன் ஒட்டினான். நான் அம்மாவிடம் வந்ததும் அதை அமுக்கவேண்டும்.

“நான் வந்தா அம்மாவுக்கே தெரியுமே. பெறவு எதுக்கு அத அமுக்கணும்?”

“சும்மா அமுக்குக்கா. அப்பத்தான் மணி நிக்கும்” என்றான். அதோடு, “இது விளையாட்டுச் சாமான் இல்ல. அவசரத்துக்கு மட்டுந்தான், அம்மாட்டச் சொல்லிவை” என்றும் சொன்னான்.

மணி நிற்பதற்கு என்று மட்டும்தான் சொன்னான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் ஆண்டவர் முன்னால் சொல்வேன்.

அந்த மணி உதவியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மீன் கழுவிக்கொண்டிருந்தாலும், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும் கேட்கும். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப்புறமிருந்து, “ஏளா, உன் வீட்டு வாசல்ல ஐஸ்வண்டி நிக்குதா, எனக்கும் ஒண்ணு வாங்கு” என்பாள். நான் சிரித்துக்கொண்டே ஓடுவேன். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க, தண்ணீர் கொடுக்க, துணி மாற்ற என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அமுக்குவாள்.

படுக்கையில் விழுவதற்கு முன்னால் எங்கள் தெருவில் செபமாலை சொன்னால் அம்மாதான் முன்னே சொல்வாள். குரல் அப்படி. விழுந்தபிறகும் மாலை ஏழு மணிக்கு மாதா கோயில் மணி அடித்ததும் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து செபமாலையின் ஐம்பத்துமூன்று மணிக்கும் செபம் சொல்வேன். அம்மா கையில் செபமாலையைக் கொடுத்தால் ஒரு மணியைக்கூட நகர்த்தமுடியாமல் கீழே விழும். எடுத்துக் கொடுப்பேன், மறுபடி விழும். மூன்றாம் முறை விழுந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தக் கண்ணைப் பார்க்க என்னால் முடியாது.

ஒருநாள் நான் “அருள் நிறைந்த மரியே” என்று முன்பாதியைச் சொல்லி நிறுத்தியதும் அடுக்களையில் மணி அடித்தது. “என்னம்மா, தண்ணியா?” என்று எழுந்தேன். தம்ளரைக் கொண்டுபோனால் அம்மா வாய் திறக்கவில்லை. மறுபடி முழங்காலில் இருந்து சொன்னேன். நிறுத்தியதும் மறுபடி மணி. மூன்றாம் தடவைதான் எனக்குப் புரிந்தது. செபமாலையில் ஒருவர் முன்பாதியைச் சொன்னால் கூட இருப்பவர் பின்பாதியைச் சொல்வார்கள், அப்படியானால் அவள்தானே அதைச் சொல்லவேண்டும்? வாயில் வரவில்லை, விரலால் சொல்கிறாள். ஐம்பத்துமூன்றையும் அப்படியே சொல்லி முடித்தோம். அம்மாவின் முகத்தில் அத்தனை நாள் இல்லாத தெளிவு.

ஆனால் ஒவ்வொரு மணிக்கும் அடுக்களையில் அந்த ஐஸ்வண்டிப் பாட்டு கேட்டால் செபம் எப்படி ஓடும்? மறுநாளிலிருந்து கோயில் மணி அடித்ததும் அடுக்களைப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். செபம் முடிந்ததும் மாட்டிவிடுவேன். நான்தான் பக்கத்திலேயே இருக்கிறேனே என்று கட்டில்கால் பட்டனையும் அமுக்குவதில்லை. அம்மாவுக்கு விரல் நடுங்கும், சில நேரம் ஒன்றுக்கு இரண்டாக விழும். அதனால் ஐம்பத்துமூன்று என்பது ஒருநாள் அறுபதாகும், ஒருநாள் எழுபதாகும். மாதா கணக்குப் பார்க்கமாட்டாள் என்று இருந்தேன்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. தம்பி போனில் கேட்டான்.

“ஒரு வருசம் வரவேண்டிய பேட்டரிக்கா. எப்படித் தீந்துது? அம்மா நெறய அமுக்குதாளா?”

உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவன் சென்னைக்குப் போனபிறகு கோயில் பக்கம் போவதை விட்டுவிட்டான். பட்டன் மாட்ட வந்திருந்த அந்த மூன்று நாளில் நான் செபம் சொல்வதைப் பார்த்து, “அம்மாவையும் முழங்காலில போடாத குறைதான்” என்று சிரித்தவன். விளையாட்டுச் சாமான் இல்லை என்று வேறு சொல்லியிருக்கிறான். கழற்றி எடுத்துவிடுவானோ என்று பயந்துபோய், “இங்கன உப்புக் காத்துல்லா தம்பி, எதுதான் இருக்கு? கதவுத் தாழ்ப்பாளே துருப்பிடிச்சுப் போவுது. அதான் பேட்டரியும் தீருது” என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் எது கெட்டாலும் உப்புக் காற்று என்று சொல்லிவிட்டால் போதும், யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அவனும் “ஓ” என்றான். ஒரு மாதத்துக்குள் காற்றுப் புகாத மூடி ஒன்று கூரியரில் வந்தது. அதைப் பட்டனுக்கு மாட்டினேன். அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். அவனிடம்தான் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு வியாழக்கிழமை குடிதண்ணீர் லாரி வந்து, வரிசையில் நின்று, இரண்டு பேர் சண்டையில் மாட்டி, வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அம்மா நனைந்து கிடந்தாள். அன்றைக்கு அவள் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. அது என் தவறு. அந்த ஒருநாள்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். தம்பியும் அவன் மனைவியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். கூடவே எங்கள் தாய்மாமனும் வந்திருந்தார். தம்பி ரயிலை விட்டு இறங்கினதும் நேராக அவரைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பிரியாணி போடவா, மீன் வாங்கவா என்று நான் சந்தோசத்தில் தடுமாறினேன். என் வீட்டுக்காரர் அப்போது கடலில்.

“ஒண்ணும் வேண்டாங்கா. உக்காரு” என்றான்.

போனை எடுத்து மாமாவிடம் நீட்டினான். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வரிசை வரிசையாக மணியும் நிமிடமும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘அழைப்பு’ என்று இருந்தது. சிலவற்றுக்குக் கீழே ‘வந்தார்’ என்று இருந்தது. மீதிக்கெல்லாம் ‘பதில் இல்லை.’

“ஒரு நாளைக்கு அறுவது எழுவது தடவ அம்மா கூப்பிட்டிருக்கா மாமா. அதுல அம்பதுக்கு மேல ஒருத்தரும் வரல. அஞ்சு மாசமா இப்படி. நான் அங்கன இருந்து இத டெய்லி பாத்துக்கிட்டிருக்கேன்” என்றான்.

பட்டன் அடுக்களைக்கு மட்டுமல்ல, வீட்டு வைஃபை வழியாக நேராக அவன் போனுக்கும் சேதி அனுப்பியிருக்கிறது. கட்டில்காலில் என்னை அமுக்கச் சொன்னது மணி நிற்பதற்கு மட்டுமல்ல. நான் வந்தேனா இல்லையா என்று பார்க்கத்தான். எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. வெட்கமாகத்தான் வந்தது. யாரோ ஜன்னல் வழியே ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி. அதிலும் நான் இடுப்பில் தூக்கிச் சுமந்தவன்.

“ஏல, ஒரு வார்த்த என்ட்டக் கேட்டிருக்கக் கூடாதா?”

“கேட்டேனே. உப்புக் காத்துன்ன. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு நீ மறைக்கன்னு.”

மாமா போனிலிருந்து தலையைத் தூக்கி, “ஏளா, பெத்த தாய இப்படியா போட்டு வச்சிருக்க? எம்புட்டு தடவ கூப்பிட்டிருக்கா பாரு” என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். செபமாலை, பெருவிரல், பிளக்கைப் பிடுங்கினது எல்லாம் சொன்னேன். சொல்லச்சொல்ல எனக்கே அது கட்டின கதை போலத்தான் கேட்டது. “ஏழு மணிக்கு மேல உள்ளத மட்டும் பாருங்க மாமா, எல்லாம் ஒரே நேரத்துல, வரிசையா இருக்கும்” என்றேன்.

“ஆமா, அந்த நேரத்துல நீ டிவி முன்னால இருந்திருப்ப” என்றான் தம்பி.

சுவருக்கு அந்தப்புறம் ஐந்து மாதமும் என் செபத்தைக் கேட்ட பக்கத்து வீட்டு அக்கா, சத்தம் கேட்டு வாசலுக்கு வந்திருந்தாள். “யக்கா, நீ சொல்லுக்கா. கோயில் மணி அடிச்சதும் நான் எங்க இருப்பேன்?” என்று கேட்டேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நான் என்னத்தளா கண்டேன்? செபம் கேக்கும். யாரு எங்க இருந்து சொல்லுதான்னு நான் எட்டியா பாத்தேன்? குடும்ப விசயம், என்னய இழுக்காத.”

போய்விட்டாள்.

“அம்மாவ வச்சே காட்டுதேன், வாங்க” என்று எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனேன். அம்மா தம்பியைப் பார்த்ததும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். அவன் கட்டிலில் உட்கார்ந்தான். அவள் அந்த ஒரே கையை அவன் கைக்குள் வைத்து, பெருவிரலால் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். நான் முழங்காலில் இருந்து “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கி, நிறுத்தினேன். அம்மா அமுக்கவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை சொன்னேன். “அம்மா, அமுக்கும்மா” என்று கெஞ்சினேன். அமுக்கவேண்டும் என்றால் அவன் கையை விடவேண்டும். அவள் விடவில்லை.

இருந்தது ஒரு கை. அதை எனக்காக அவள் விடவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்துப் பிள்ளையைப் பார்க்கிறவள்.

“போதும், எந்திரிக்கா” என்றான் தம்பி. “அம்மாவ வச்சு நாடகம் போடாத.”

“முதுகப் பாருங்க மாமா, ஒரு புண்ணு இருக்கா? இவ்வளவு நாள் படுக்கையில கிடந்தவ முதுக நீங்களே பாருங்க” என்று அம்மாவைப் புரட்டிக் காட்டினேன். தம்பி மனைவி குனிந்து பார்த்தாள். அவள் நர்சு படித்தவள், அவளுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்து, “மைனி…” என்று ஆரம்பித்தாள். தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் குனிந்து அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள்.

மறுநாளே வண்டி பிடித்து அம்மாவைக் கொண்டுபோனார்கள். அவன் வீட்டுக்கும் இல்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் சென்னைக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். வண்டியில் ஏற்றும்போது அம்மாவின் கண் என்னைத் தேடியது. நான் தலைமாட்டில் நின்றதால் அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் தோணியை விட்டு இறங்கினதும் துறைமுகத்திலேயே யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்: “உம்ம வீட்டுல மாமியாளக் கூப்பிடக் கூப்பிட எட்டிப்பாக்கலயாமே.” அவர் வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “நான் இருந்திருந்தா வண்டியக் கிளம்ப விட்டிருக்கமாட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

நான் இரண்டு தடவை ரயிலேறிப் போய் அம்மாவைப் பார்த்தேன். பகலில் ஒரு மணி நேரம்தான் விட்டார்கள். அந்தப் பட்டன் அவள் கையில் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அங்கே போன எட்டாம் மாதம் அம்மா இறந்துபோனாள்.

அப்பாவோடு அடக்கம் பண்ண ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஆயா ஒருத்தியும் வண்டியில் வந்திருந்தாள். எங்கள் பக்கத்து நாசரேத் ஊர்க்காரி, ஊருக்குப் போகிற வழியென்று வந்தவள். அடக்கம் முடிந்தபிறகு அம்மாவின் சாமான் இருந்த பையை என் கையில் கொடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா நல்ல பக்திங்க. நான் செபமாலை சொல்லாத வேற சபைதான், ஆனாலும் சொல்லுதேன். டிவில செபமாலை போடுவாங்கல்லா, அப்ப இந்தப் பட்டன அமுக்கி அமுக்கிக் கூடவே சொல்லுவாங்க. மொதல்ல நான் கூப்பிடுதாங்கன்னு ஓடுவேன். பெறவு புரிஞ்சுபோச்சு.”

பையைக் கீழே வைத்தேன். “என் தம்பிக்குத் தெரியுமா?”

“மொத வாரமே போன் பண்ணிச் சொன்னேனே. ‘ஆமா, எனக்குத் தெரியும், பேட்டரி மட்டும் மாத்திக்கிட்டே இருங்க’ன்னார்.”

எட்டு மாதம். முதல் வாரத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டில் இருந்து போன அதே வரிசை, அதே நேரம், அவன் போனில் மறுபடி வந்திருக்கும். அவன் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவைத் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. அவன் என்னைச் சந்தேகப்பட்டதை நான் மன்னித்துவிட்டேன். நான் சொன்ன பொய் அதற்கு ஒரு காரணம். தெரிந்தபிறகும் பேசாமல் இருந்தானே, அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் அவனை நிறுத்திக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான்.

“இப்ப அத ஏன்க்கா கெளப்புத? அம்மாவே போயாச்சு.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்ல. மாமாட்ட மட்டும் சொல்லிரு. அக்கா பொய் சொல்லல, பக்கத்துலதான் இருந்தான்னு ஒரு வார்த்த சொல்லு.”

“சொல்லுதேன்.”

“எப்ப?”

“முப்பதாம் நாள் பூசைக்கு எல்லாரும் வருவாங்கல்லா, அப்ப சொல்லுதேன்.”

முப்பதாம் நாள் வந்தது. பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். மாமாவுக்கு அவன்தான் இலையில் பரிமாறினான். நான் கதவுப் பக்கம் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலைப் பற்றிப் பேசினான், சென்னைத் தண்ணீரைப் பற்றிப் பேசினான். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துபோனான். சொன்னால் அம்மாவை அந்த இல்லத்தில் விட்டது எதற்கு என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவனால் முடியாது. என் பெயர் கெடுவது அவனுக்கு அதைவிட லேசாகத் தெரிந்திருக்கிறது.

மாமாவும் அடுத்த வருடம் இறந்துபோனார். கடைசிவரைக்கும் என் வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஊரில் கதை வளர்ந்துகொண்டே போகிறது. முதலில் எழுபது தடவை கூப்பிட்டாள் என்றார்கள். பிறகு இருநூறு ஆயிற்று. போன மாதம் மீன் ஏலத்தில் என்னைத் தெரியாத ஒருத்தி என்னிடமே சொல்கிறாள், பட்டனை அமுக்கி அமுக்கி ஒரு கிழவிக்கு விரலே தேய்ந்துபோயிற்றாம், மகள் பக்கத்து அறையில் சிரித்துக்கொண்டிருந்தாளாம். “நாசமாப் போவா” என்று வேறு சொன்னாள். நான் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் புது நோட்டு வாங்கினேன்.

ஒவ்வொரு வருடமும் மாதா திருவிழாவுக்குத் தம்பி குடும்பத்தோடு வருகிறான். என் வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போவான். நான் காப்பி கொடுப்பேன். செபமாலையில் அவனுக்காகவும் ஒரு பத்து மணிச் செபம் சொல்லத்தான் செய்கிறேன், விடவில்லை. ஆனால் அவன் கண்ணை நான் பார்ப்பதில்லை, அவனும் பார்ப்பதில்லை.

படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் இந்தப் பேச்சு உங்கள் காதில் விழுந்தால் நான் எழுதினதைச் சொல்லுங்கள். எழுதினபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு அவனை இன்னும் கெட்டவன் ஆக்கிவிடாதீர்கள், அவன் அம்மாவை நினைத்துத்தான் அந்தப் பட்டனைச் செய்தான். நான் உப்புக் காற்று என்று பொய் சொன்னதை விட்டுவிடாதீர்கள். வியாழக்கிழமை தண்ணீருக்குப் போய் நின்றதையும் விட்டுவிடாதீர்கள். ஒன்றைக் கூட்டினால் இதுவும் அந்த மீன் ஏலத்துக் கதை மாதிரி ஆகிவிடும். நடந்தது இவ்வளவுதான். கேட்கிறவர்கள் நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு, நீங்கள் மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.